விரியாத குடை

"மழை பெய்யுதே மாமா, ஏன் குடைய விரிக்க மாட்டேங்கறீங்க?"

ஏழு வயதில் ரூபினி ஒருவரிடம் இப்படிக் கேட்டாள். அவர் தன் கைக்குட்டையை எடுத்துக் குழந்தையின் தலையில் போட்டுவிட்டு, குடையை மடக்கியபடியே பிடித்துக்கொண்டு நனைந்தார்.

இப்போது ரூபினிக்கு ஐம்பது நெருங்குகிறது. பினாங்கின் கெலுகோரில் அந்த மனிதரின் வீட்டில், மாலை போட்ட அவருடைய படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அந்தக் கேள்வியைத் துப்பறியும் சுலைஹாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையில குடை, தலையில கைக்குட்டை. குடை வித்தவன் கேள்விப்பட்டா அழுதிருவான்லா" என்றான் இக்மல்.

"இக்மல்."

"வாய மூடிட்டேன்க்கா."

சூலியா தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுலைஹாவின் அலுவலகம். காணாமல் போனவர்களையும் பொய் சொன்ன மாப்பிள்ளைகளையும் கண்டுபிடித்துக் கொடுப்பது அவள் தொழில். இக்மல் அவளுக்குக் கார் ஓட்டினான், கூடவே பேசினான். பேச்சை நிறுத்தச் சொன்னால் காரும் நின்றுவிடும் என்பதால் அவள் அதிகம் வற்புறுத்துவதில்லை.

அவளை அழைத்து வந்தது பேட்ரிக், படத்தில் இருந்தவரின் மகன். அப்பா அந்தோணிராஜ் ராணுவத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கோயிலில் வாசகம் வாசித்தவர். இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பை ஆரஞ்சோடு ரூபினி வாசலில் வந்து நின்றாள். முகம் சீன முகம், பேச்சு தோட்டத்துத் தமிழ். சீனக் குழந்தையைத் தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்ப்பது இந்த ஊரில் புதிதில்லை. ஆனால் அவள் "சார்ஜன் மாமா செத்துட்டாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்று அழுததும், பேட்ரிக்கின் அம்மா லீனா அவளைக் கட்டிப்பிடித்து, "நீ அவர் பொண்ணும்மா, இங்கேயே இரு" என்று பின்னறையை ஒழித்துக் கொடுத்ததும்தான் புதிது.

எழுபதுகளில் கூலிம் பக்கத்துக் காடுகளில் கம்யூனிஸ்ட் போராளிகளோடு ராணுவம் சண்டை போட்டது. அந்தோணிராஜ் அங்கேதான் இருந்தார். ஊருக்கு இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. காட்டில் சண்டை மட்டுமா போட்டார் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். லீனா மறுக்கவில்லை.

"ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுது. அம்மா விட மாட்டேங்கறாங்க" என்றார் பேட்ரிக்.

"என் வீட்டுல யார் வாயிலயும் பஞ்ச விட்டுத் துழாவக் கூடாது. இது வீடா, லேபா?" என்றார் லீனா. எழுபத்தாறு வயதிலும் குரலில் தட்டச்சுப் பொறியின் சத்தம் இருந்தது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் அடித்த பழக்கம்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு வருஷப் பூசை. இவங்கள முன் வரிசையில பிள்ளைங்களோட உட்கார வைக்கணும்ங்கறாங்க. தங்கச்சின்னா நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். இல்லைன்னா இவங்க கூலிமுக்கே திரும்பிடணும். அப்பா பேரு இதுக்கு மேல நாறக் கூடாது."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வளர்த்தவர்கள் இருவரும் போய்விட்டார்கள். கூலிமில் இருந்த வாடகை அறையையும் லீனாவின் பேச்சை நம்பிக் காலி செய்துவிட்டாள். திரும்பிப் போக அவளுக்கு ஒரு கதவு இல்லை.

"அவரோட எங்க போவீங்க, ரூபினி?" என்று கேட்டாள் சுலைஹா.

"வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு. ஏப்ரல்ல. தோட்டத்துலேருந்து என்னைக் கூட்டிட்டுப் போயி, காட்டோரம் ஒரு மண்மேடு இருக்கும், அங்க விடுவாரு. நான் புல்லு புடுங்குவேன். ஆரஞ்சு வைப்பேன், தேத்தண்ணி ஊத்துவேன். சின்னப்ப அது விளையாட்டுன்னு நெனச்சேன். பெரியவளானப்புறம் சீனக் கூட்டாளிங்க சொன்னாங்க, அதுதான் செங் பெங்னு."

பினாங்கில் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. செங் பெங் என்பது சீனர்கள் தங்கள் குடும்பத்தாரின் சமாதியைத் துப்புரவு செய்து படையல் வைக்கும் நாள்.

"எங்ககிட்ட பிஎம் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செய்யப் போறேன்னு சொல்லிட்டுப் போவாரு" என்றார் பேட்ரிக். புக்கிட் மெர்தாஜாமைத்தான் பிஎம் என்றார். "ஈஸ்டருக்கு முன்னாடி செய்யற சிலுவைப்பாதைக்கு, சில வருஷம் ஈஸ்டர் முடிஞ்சப்புறம்கூடப் போனாரு. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். செத்துப்போன சீனப் பொம்பளை, அவ பிள்ளைய வருஷா வருஷம் சமாதிக்குக் கூட்டிட்டுப் போற ஆளு. வேற என்ன அர்த்தம்?"

சுலைஹா ரூபினியிடம் திரும்பினாள். "படைச்ச ஆரஞ்ச யாரு சாப்பிடுவாங்க?"

"நான்தான்க்கா. குடும்பத்து ஆளுங்க சாப்பிடணுமாம்."

"அவரு?"

"ஒரு சுளைகூட எடுக்க மாட்டாரு. ஊட்டப் போனா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. கிட்டயே வர மாட்டாரு. தூரத்துல குடையோட நிப்பாரு."

"அந்தக் குடை இருக்கா?"

லீனா சற்றுத் தயங்கி, அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். நீளமான கறுப்புக் குடை. சுலைஹா அதை விரித்தாள். கம்பிகள் முனகின. துணி நேற்றுக் கடையில் வாங்கியது போல் கறுகறுவென்று இருந்தது. நுனியிலிருந்த இரும்பு மட்டும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

"துணி புதுசு, நுனி கிழடு" என்றாள் சுலைஹா.

"எங்க மாமனார் மாதிரி. சட்டை புதுசு, முட்டி போச்சு" என்றான் இக்மல்.

"மூடு அத" என்றார் லீனா. சிரிப்பவர்களைக் கடிந்துகொள்ளும் குரல் இல்லை அது. வலிக்கும் இடத்தைத் தொட்டுவிட்டவரிடம் பேசும் குரல்.

சுலைஹா குடையை மடக்கினாள். "நாளைக்கு அந்த இடத்தக் காட்டுறீங்களா, ரூபினி? உங்க அம்மா சமாதியப் பாக்கணும்."

"காட்டுறேன்க்கா. குடையையும் எடுத்துக்கலாம்" என்றாள் ரூபினி.

* * *

மறுநாள் காலை கார் பாலத்தைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜாம் வழியாகக் கூலிம் பக்கம் போனது. வானம் ஈரத்துணி போலத் தொங்கியது.

"அக்கா, எனக்கென்னமோ கேஸ் முடிஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றான் இக்மல். "ஆளுக்கு ஒரு குடும்பம் தீவுல, ஒண்ணு கரையில. நடுவுல பாலம்."

"அவரு வந்தப்ப பாலமே இல்லண்ணே. ஃபெரியில வந்து, பஸ்ஸு மாறி வருவாரு" என்றாள் பின்னாலிருந்து ரூபினி.

"அவ்வளவு கஷ்டப்பட்டா? அப்ப நிச்சயம் காதல்தான்."

ரூபினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்வையைத் திருப்பாமலே பேசினாள். "வந்ததும் என் பாதத்த உள்ளங்கையில வச்சுப் பாப்பாரு. அடுத்த தடவ பள்ளிக்கூட சப்பாத்து கொண்டு வருவாரு. வளரும்னு கணக்குப் போட்டு, ஒரு விரல் பெருசா. ஒரு தடவகூட கடிச்சதில்ல."

இக்மல் அதற்கு நகைச்சுவை எதுவும் தேடவில்லை.

ஒரு சீனக் கம்பத்தின் வீடுகளைக் கடந்து, சாலை காட்டை ஒட்டி வளையும் இடத்தில் ரூபினி காரை நிறுத்தச் சொன்னாள். ரப்பர் மரங்கள் முடிந்து காட்டு மரங்கள் தொடங்கும் எல்லை. தூறல் விழுந்தது. யாரும் பேசாதபோது இலைகளின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ பெரிய மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது அந்த இடம்.

சுலைஹா சமாதியைத் தேடினாள். தெரியவில்லை. ரூபினி குடையை இக்மலிடம் கொடுத்தாள்.

"இங்க நில்லுங்கண்ணே. அவரு நின்னது இந்த இடம்தான்."

"நான்தான் சார்ஜனா? சம்பளம் உண்டா?" என்று சாலையோரம் போய் நின்றான்.

"அங்க இல்ல. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம். குடைய நேரா ஊணுங்க. ரெண்டு கையும் பிடி மேல. ஒண்ணு மேல ஒண்ணு. தலை இன்னும் குனியணும்ணே, நாடி நெஞ்சத் தொடணும்."

இக்மல் அப்படியே நின்றான். சிரிப்பு மூட்டுவதற்காகத்தான் முகத்தை உம்மென்று வைத்தான். ஆனால் சுலைஹா சிரிக்கவில்லை.

அந்த நிலையை அவள் பார்த்திருக்கிறாள். பாடாங் கோத்தா லாமாவில், கடலைப் பார்த்த போர் நினைவுச் சின்னத்தின் நான்கு மூலைகளிலும், நினைவு நாள் காலையில். துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, அதன் அடிக்கட்டையில் இரண்டு கைகளையும் வைத்து, நாடி நெஞ்சில் படக் குனிந்து நிற்பார்கள் சிப்பாய்கள். போரில் இறந்தவர்களுக்குச் சிப்பாய் செலுத்தும் மரியாதை அது.

துப்பாக்கியை யாராவது மழைக்கு விரிப்பார்களா?

"நகரு, இக்மல்" என்றாள். அவன் நின்ற இடத்தில் தான் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள்.

வேறெங்கிருந்து பார்த்தாலும் மரங்கள் மறைத்தன. இந்தக் கல்லுக்குப் பக்கத்திலிருந்து மட்டும், இரண்டு தண்டுகளுக்கு நடுவே, கதவு திறந்தது போல ஒரு நேர்வழி. அதன் முடிவில் சிறிய மண்மேடு. மேட்டின் தலைமாட்டில் ஒரு கல், அதில் சிவப்பு மையில் மூன்று சீன எழுத்துகள்.

ரூபினி அதற்குள் அங்கே போய்க் குனிந்திருந்தாள். ஆரஞ்சுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இக்மல் சுலைஹாவின் தோளுக்குப் பின்னால் நின்று அதே வழியாகப் பார்த்தான். பார்த்தவன் மெதுவாகக் குடையைத் தரையிலிருந்து எடுத்தான்.

"அக்கா" என்றான். "அவரு தூரத்துல போயி நிக்கல."

"இல்ல."

"அன்னைக்கு நின்ன எடத்துலயேதான் நின்னிருக்காரு."

சுலைஹா வாய்க்குள், இறந்தவர்களுக்காகச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொன்னாள். யாருக்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மண்ணுக்குள் இருந்தவளுக்கா, வருடம் தவறாமல் இங்கே வந்து நனைந்தவருக்கா?

திரும்பும் வழியில் இக்மல் ஒரு வார்த்தை பேசவில்லை. கார் நன்றாகவே ஓடியது.

* * *

வீட்டு வாசலில் இக்மல், ரூபினிக்கு ரோஜாத் தொட்டிகளைப் பற்றி ஏதேதோ சொல்லி அவளை வெளியே நிறுத்தி வைத்தான். உள்ளே சுலைஹா, லீனாவிடமும் பேட்ரிக்கிடமும் கண்டதைச் சொன்னாள்.

"சமாதியில பொண்டாட்டிக்குப் படைச்சதப் புருஷன் சாப்பிடுவான். தனக்கு உரிமையில்லைன்னு நினைக்கிறவன்தான் ஒரு சுளைகூடத் தொட மாட்டான். காதலிச்சவன் கிட்டப் போவான், அழுவான். இவரு சிப்பாயா நின்னாரு. குடை அவருக்குக் குடையில்ல, துப்பாக்கி. உங்கப்பாவுக்கும் அந்தப் பொம்பளைக்கும் எந்தத் தப்பான உறவும் இல்ல, மிஸ்டர் பேட்ரிக். ஆனா அவங்க சாவுக்கு அவருதான்..."

பேட்ரிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாக அப்பாவின் பேருக்காகப் போராடியவர். பேரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஆனால் வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை.

"அப்ப இவங்க எங்க ரத்தம் இல்ல" என்றார் கடைசியில்.

"ரத்தம்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார் லீனா.

மகன் அம்மாவைப் பார்த்தார். சுலைஹாவுக்கு வியப்பில்லை. "நேத்து நான் குடைய விரிச்சப்பவே நினைச்சேன், ஆன்டி. உங்களுக்குத் தெரியும்."

"ஏப்ரல் வந்தா தூங்க மாட்டாரு. ஒரு நாள் சொல்லிட்டாரு. புதருக்குள்ள ஏதோ அசைஞ்சுதாம், சுட்டாராம். சுட்டதும் சத்தம் நின்னுருச்சு. நின்னப்புறம்தான் குழந்த அழுதுச்சு." லீனா தன் இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். "அவ கையில துப்பாக்கி இருந்துச்சா, இல்ல குழந்தைய மட்டும்தான் வச்சிருந்தாளான்னு அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியல. குழந்தையச் சட்டைக்குள்ள போட்டு தூக்கிட்டு வந்து, தோட்டத்துல தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தாரு. கம்பத்து ஆளுங்க அவள அங்கயே புதைச்சாங்க."

"அப்புறம் ஏம்மா? அப்பா தப்பு பண்ணிட்டாருன்னு கோயில்ல அத்தன பேரும் பேசினாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லல!"

"உங்கப்பா பொம்பளை விஷயத்துல தப்பு பண்ணிட்டாருன்னு ஊரு சொன்னா நான் தாங்கிக்குவேன், பேட்ரிக். அவரும் மேல இருந்து தாங்கிக்குவாரு. ஆனா சப்பாத்து வாங்கிக் குடுத்த கைதான் தன் அம்மாவச் சுட்டுச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் பொண்ணு எதத் தாங்கும்? எங்க போயி நிக்கும்?" லீனா சுலைஹாவின் கையைப் பிடித்தார். "உனக்குப் புண்ணியமாப் போகும்மா. அவகிட்ட மட்டும் சொல்லாத."

ஏமாற்றுக்காரர்களின் பொய்களைப் பிடித்தே பழகியவள் சுலைஹா. இவ்வளவு கனமான ஒரு மௌனத்தை யாரும் இவ்வளவு நாள் சுமந்து அவள் பார்த்ததில்லை. இருந்தும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஆன்டி, அவங்களுக்குத் தெரியும்."

"என்ன சொல்ற?"

"சமாதியக் காட்டுங்கன்னுதான் கேட்டேன். அவங்க முதல்ல அங்க கூட்டிட்டுப் போகல. ரோட்டோரக் கல்லுக்குப் பக்கத்துல இக்மல நிக்க வச்சாங்க. கை எப்படி, நாடி எப்படின்னு திருத்தினாங்க. விஷயம் தெரியாதவங்க அம்மா இருக்கிற எடத்தக் காட்டுவாங்க. தெரிஞ்சவங்கதான் சுட்டவர் நின்ன எடத்தக் காட்டுவாங்க."

"ரோஜாவப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்து போச்சுக்கா" என்ற குரல் வாசலில் கேட்டது. இக்மலுக்கு முன்னால் ரூபினி நின்றிருந்தாள்.

"எனக்கு இருபது வயசிருக்கும்" என்றாள் ரூபினி. "தனியா ஒரு நாள் அங்க போனேன். கம்பத்துச் சீன ஆன்டி ஒருத்தங்க சமாதிக் கல்லுல இருந்த பேரப் படிச்சுக் காட்டினாங்க. மத்ததையும் சொன்னாங்க."

"அப்பவே தெரிஞ்சுமா?" என்றார் பேட்ரிக். "அப்புறமும் எங்கப்பாகூடப் போனீங்களா?"

"அந்த ஏப்ரல் போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுல சப்பாத்துப் பொட்டியோட அவரு காத்துக்கிட்டிருந்தாரு. எனக்கு அப்ப சப்பாத்து வயசா? வேலைக்குப் போயிட்டேன். அவருக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல, பாவம்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "போட்டுக்கிட்டேன். அவரும் சொல்லல, நானும் கேக்கல."

பிறகு லீனாவின் பக்கம் திரும்பினாள்.

"மகள்னு சொல்லிக்கிட்டு நான் வரலம்மா. துக்கம் கேக்கத்தான் வந்தேன். நீங்க கட்டிப்பிடிச்சு, நீ அவர் பொண்ணுன்னு சொன்னீங்க. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆனா ஞாயித்துக்கிழமை கோயில்ல, சாமிக்கு முன்னால, பொய்யா அந்த எடத்துல உட்கார முடியாது. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லவும் தைரியம் இல்ல. அதான் இந்த அக்கா கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். பையக் கட்டி வச்சுட்டேன்மா. சாயங்காலம் போயிடுறேன்."

லீனா மகனைத்தான் பார்த்தார். ரூபினியும் பேட்ரிக்கைத்தான் பார்த்தாள். போகச் சொன்னது அவர். நிபந்தனையும் அவருடையது. தங்கச்சி இல்லை என்றாகிவிட்டது.

பேட்ரிக் உள்ளே போனார். பின்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரூபினியின் பையோடு திரும்பி வந்தார். இக்மல் ஒரு அடி முன்னால் வைத்தான், சுலைஹா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பேட்ரிக் பையை லீனாவின் காலடியில் வைத்துவிட்டு, ரூபினியைப் பார்க்காமல் சொன்னார். "கோயிலுக்குப் போட்டுக்க நல்ல சேலை இருக்கான்னு பாருங்கம்மா. இல்லன்னா உங்களோடது ஒண்ணு குடுங்க. ஞாயித்துக்கிழமை எனக்குப் பக்கத்துல உட்காரட்டும்."

"யாராச்சும் கேட்டா?" என்றாள் ரூபினி.

"எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுவேன்."

"யாரு, என்ன உறவுன்னு கேட்டா?"

"கேக்கறவனுக்குப் பூசையில கவனமில்லன்னு அர்த்தம்" என்றார் பேட்ரிக். பிறகுதான் ரூபினியை நிமிர்ந்து பார்த்தார். "எங்கப்பாவுக்கு ஒரு ஆரஞ்ச ஊட்டப் பாத்த கை உங்களோடது. எனக்கு அது போதும்லா."

இக்மல் சுலைஹாவின் காதோரம் குனிந்தான். "அக்கா, நம்ம வேலை முடிஞ்சுது. அழறதுக்கு முன்னால போயிடலாம்."

"யாரு, நானா?"

"நான்தான்" என்றான் இக்மல்.

* * *

சனிக்கிழமை பிற்பகல் பேட்ரிக்கும் ரூபினியும் பூசைக்குப் பூ வாங்க பாசாருக்குப் போனார்கள். காரின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை லீனா ஜன்னலருகே நின்றார். பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி, செபமாலையோடு உட்கார்ந்தார்.

நாற்பது வருடத்துக்கும் மேலாக, செபமாலையின் முடிவில், பிள்ளைகள் கலைந்து போன பிறகு அவர் இன்னொரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வதுண்டு. யாருக்கென்று பிள்ளைகள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒரு பெயர் அவரிடம் இருந்ததில்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு முறையும், விலாசம் எழுதாமல் எதையோ அனுப்பிவிட்டது போல மனம் குறுகும்.

மதியம் சாப்பிடும்போது, சமாதிக் கல்லில் இருந்த பெயரை ரூபினியிடம் கேட்டு, நாக்கு பழகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

கடைசி மணியும் விரலைத் தாண்டியது. லீனா கண்ணை மூடினார்.

"சியூ லான்" என்றார், தெளிவாக, சத்தமாக. அவளுக்காக முழுச் செபத்தையும் சொன்னார்.

இரண்டாவதாகத்தான் தன் கணவரின் பெயரைச் சொன்னார்.